கழற்றினது எதுவோ அதன் இடத்துக்கே: கேம் ஷாப்ட் மாற்றிய பிறகு ரொக்கர் பூட்டும் பாடம்



கொழுந்து லொறி, ட்ரெக்டர், ஜெனரேட்டர் இவை மூன்றும் நின்றுவிட்டால் தோட்டத்திலே பாதி வேலை நின்ற மாதிரிதான். மலையிலே எடுத்த கொழுந்து சாக்கிலே கிடந்து சூடேறிச் சிவந்து போகும். நோயாளியை இறக்க வாகனம் இருக்காது. ஆகவே எஞ்சின் வேலை தெரிந்த ஒரு பிள்ளை தோட்டத்தில் இருப்பது எல்லாருக்கும் நல்லது. இந்த இதழில் அந்த வேலையில் ஒரு பகுதியைப் பார்ப்போம்.

எஞ்சினைத் திறந்து கேம் ஷாப்டை மாற்றுவது பெரிய பாஸின் வேலை. அதை ஒருவரும் பழகும் பையனிடம் கொடுக்க மாட்டார்கள். ஆனால் மேலே இருந்து கழற்றி வைத்த ரொக்கர், புஷ் ரொட் போன்றவற்றைத் திரும்பப் பூட்டும் வேலை அநேகமாக அந்தப் பையனின் கையில்தான் வந்து விழும். "சின்ன வேலைதானே, பூட்டிப் போடு" என்பார்கள். அந்தச் சின்ன வேலையில் பிழை விட்டால் புதுக் கேம் ஷாப்டும் போகும், வால்வும் போகும், சில வேளை பிஸ்டனும் போகும். பழி வருவது கடைசியாகக் கை வைத்தவன் மேலே. அதனால்தான் இந்தப் பாடம்.

எந்த எஞ்சினை வைத்துப் படிக்கிறோம்

பேச்சுக்கு ஒரு எஞ்சின் வேண்டும். நம் பக்கத்தில் பலரும் கண்ட மெசி பெர்குசன் 135 ட்ரெக்டரை எடுத்துக்கொள்வோம். 1964-ம் ஆண்டு வெளிவந்த மாடல் இது. இதன் டீசல் எஞ்சின் இங்கிலாந்திலே பேர்கின்ஸ் கம்பெனி செய்தது. பெயர் ஏ.டி.3.152. மூன்று என்பது மூன்று சிலிண்டர். 152 என்பது அந்த மூன்று சிலிண்டரின் மொத்தக் கொள்ளளவு, கன அங்குலத்தில். நம் கணக்கில் ஏறக்குறைய 2.5 லீட்டர். பின்னால் வந்த 240 மாடலிலும் இதே எஞ்சின் உண்டு.

மூன்று சிலிண்டருக்கும் ஆளுக்கு இரண்டு வால்வ், ஒன்று காற்று உள்ளே வர, ஒன்று புகை வெளியே போக. மொத்தம் 6 வால்வ். அப்படியானால் 6 ரொக்கர், 6 புஷ் ரொட், 6 டப்பட், கேம் ஷாப்டிலே வால்வுக்கென்று 6 மேடு. இந்த ஆறு என்ற கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பது நாலு சிலிண்டர் லொறி எஞ்சின் என்றால் எட்டாக மாறும். அதிலும் புஷ் ரொட், ரொக்கர் இருந்தால் வேலை முறை இதுதான்.

எப்படி வேலை செய்கிறது

கேம் ஷாப்ட் எஞ்சின் உடம்புக்குள்ளே பக்கவாட்டில் இருக்கிறது. கிராங் ஷாப்ட் இரண்டு முறை சுற்றினால் கேம் ஷாப்ட் ஒரு முறை சுற்றும். கேமின் மேடு டப்பட்டை மேலே தூக்கும். டப்பட் புஷ் ரொட்டைத் தூக்கும். புஷ் ரொட் ரொக்கரின் ஒரு முனையைத் தூக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலகை போட்டு ஆடும் ஏற்றப் பலகை போல, ரொக்கரின் மற்ற முனை கீழே இறங்கி வால்வை அமுக்கித் திறக்கும். மேடு கடந்து போனதும் வால்வின் ஸ்பிரிங் வால்வைத் திரும்ப மேலே தள்ளி மூடும்.

எஞ்சின் நிமிஷத்துக்கு 2000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 1000 முறை திறந்து மூடுகிறது. இவ்வளவு வேகத்தில் இரும்போடு இரும்பு தேயும்போது ஒன்றின் தேய்வு மற்றதின் தேய்வோடு பொருந்திப் போகிறது. பல வருஷம் ஒன்றாய் வேலை செய்த ஜோடி அது. இந்தப் பாடத்தின் உயிர் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. ஜோடியாய்த் தேய்ந்ததை ஜோடி பிரிக்கக் கூடாது.

கழற்றும்போதே பூட்டும் வேலை தொடங்குகிறது

முதலில் ட்ரெக்டரைச் சமதரையில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை போட்டு, பெட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். வால்வ் மூடியைத் திறப்பதற்கு முன் அதைச் சுற்றியுள்ள மண், தேயிலைத் தூசி, கிரீஸ் எல்லாவற்றையும் துடைத்துவிட வேண்டும். உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணல் புது பெயாரிங்கைத் தின்றுவிடும்.

ஒரு பிஸ்கட் பெட்டி மட்டையை எடுத்து ஆறு ஓட்டை போடுங்கள். ரேடியேட்டர் பக்கத்தை முன்பக்கம் என்று வைத்து 1 முதல் 6 வரை நம்பர் எழுதுங்கள். முன்பக்கம் எது என்று அம்புக்குறியும் போடுங்கள். புஷ் ரொட்டை ஒவ்வொன்றாய் எடுத்து அதனதன் ஓட்டையில், மேல் முனை மேலேயே இருக்கும்படி குத்தி வையுங்கள். எடுக்கும்போது மெதுவாய்ச் சுழற்றி எடுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ஒயிலிலே ஒட்டிய டப்பட்டும் கூட வந்து இடம் மாறி விழலாம்.

ரொக்கர் ஷாப்டின் போல்ட்டுகளை ஒன்றை முழுதாய்க் கழற்றிவிட்டு மற்றதுக்குப் போகக் கூடாது. எல்லாவற்றையும் அரை அரைச் சுற்றாய்த் தளர்த்தி வர வேண்டும். காரணத்தைப் பூட்டும் இடத்தில் சொல்கிறேன். ஷாப்டின் முன் முனையிலே பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, எந்தப் பக்கம் மேலே என்று குறி வையுங்கள். ஷாப்டிலே ஒயில் வரும் துளைகள் உண்டு. திசை மாறிப் பூட்டினால் ரொக்கருக்கு ஒயில் சரியாய்ப் போகாது.

ஷாப்டிலிருந்து ரொக்கரையும் கழற்ற வேண்டி வந்தால் ஒரு கம்பியிலே வரிசையாய்க் கோர்த்துவிடுங்கள். ரொக்கர், இடையில் உள்ள ஸ்பிரிங், வாஷர் எல்லாம் வந்த வரிசையிலே, பூ கட்டுவது போல. அதிலே ஒரு வாஷர் மாறினாலும் ரொக்கர் வால்வின் நடுவில் உட்காராமல் ஓரத்தில் உட்காரும்.

புதுக் கேமும் பழைய டப்பட்டும்

இங்கேதான் பலபேர் ஏமாந்து போகிறார்கள். "கழற்றியதை அதே இடத்தில் போடு" என்று சொன்னேன். டப்பட்டைப் பொறுத்தவரை இது பழைய கேமைத் திரும்பப் போடும்போது மட்டும்தான் சரி. கேம் புதியது என்றால் டப்பட்டும் புதியதாகத்தான் இருக்க வேண்டும்.

ஏன்? தட்டையான அடியுள்ள டப்பட் எஞ்சின் ஓடும்போது மேலும் கீழும் போவதோடு மெதுவாகச் சுழலவும் வேண்டும். சுழன்றால்தான் அடிப்பக்கம் எல்லா இடமும் ஒரே மாதிரித் தேயும். பல வருஷம் ஓடிய டப்பட்டின் அடி பழைய கேமுக்கு ஏற்றபடி தேய்ந்து போயிருக்கும். ஒரு இரும்பு அடிமட்டத்தின் விளிம்பை அதன் அடியில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவிலே வெளிச்சம் தெரிந்தால் குழி விழுந்துவிட்டது. குழி விழுந்த டப்பட் புதுக் கேமின் மேல் சரியாய்ச் சுழலாது. ஒரே இடத்தில் நின்று உரசும். புதுக் கேமின் மேடு கொஞ்ச நாளிலேயே கரைந்துவிடும். உதிர்ந்த இரும்புத்தூள் ஒயிலோடு கலந்து பெயாரிங்குக்குப் போகும். டப்பட் காசை மிச்சம் பிடிக்கப் போய் கேம் காசையும் தொலைப்பதுதான் நடக்கும்.

ஆகவே டப்பட் கேமோடு சேர்ந்தது. கேம் மாறினால் அதுவும் மாற வேண்டும். புஷ் ரொட், ரொக்கர், வால்வ் மூன்றும் நல்ல நிலையில் இருந்தால் பழைய இடத்துக்கே திரும்பப் போக வேண்டும்.

சில எஞ்சின்களில் டப்பட்டின் அடி காளான் போல அகன்றிருக்கும். அது கீழ்ப்பக்கமாகத்தான் வெளியே வரும். அப்படிப்பட்ட எஞ்சினில் டப்பட்டை மேலே தூக்கிப் பிடித்தோ, எஞ்சினைக் கவிழ்த்து வைத்தோதான் கேமை இழுக்க முடியும். அதைப் பெரிய பாஸ் பார்த்துக்கொள்வார். நீங்கள் கூட நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டும் முன்னே பார்க்க வேண்டியவை

எல்லா உறுப்பையும் மண்ணெண்ணெயிலே கழுவித் துடையுங்கள். பெற்றோலில் கழுவ வேண்டாம், தீ பிடிக்கும். பக்கத்தில் நின்று யாரும் பீடி, சிகரட் பற்ற வைக்க விடாதீர்கள். பிறகு ஒவ்வொன்றாய்ப் பாருங்கள்.

புஷ் ரொட்டை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டுங்கள். நேராய் உருண்டால் நல்லது. தத்தித் தத்தி உருண்டால் வளைந்திருக்கிறது. சுத்தியலால் தட்டி நிமிர்த்த வேண்டாம், புதிது போடுங்கள்.

ரொக்கரின் முனையைப் பாருங்கள். வால்வை அமுக்கும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அது ஒரு பெரிய ஏமாற்று. இடைவெளி பார்க்கும் தகடு பள்ளத்தின் இரண்டு கரையிலும் பாலம் போல உட்காரும். நீங்கள் 12 என்று வைத்தாலும் உள்ளே அதைவிடக் கூடிய இடைவெளி இருக்கும். எவ்வளவு சரிபண்ணினாலும் சத்தம் போகாது.

ரொக்கரை ஷாப்டிலே பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் உள்ளே உள்ள புஷ் தேய்ந்துவிட்டது. ஷாப்டின் அடிப்பக்கத்தைத் தடவியும் பாருங்கள். படி மாதிரி விரலில் தட்டுப்பட்டால் ஷாப்டும் தேய்ந்துவிட்டது. ஒயில் துளை ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

பூட்டும் முறை

ஒன்று. டைமிங் கியர் குறிகள் சரியாய் இருக்கின்றனவா என்று பாஸிடம் கேட்டு உங்கள் கண்ணாலும் பாருங்கள். முன் மூடியைப் பூட்டிய பிறகு பார்க்க முடியாது. நடுவில் ஐட்லர் கியர் உள்ள எஞ்சினில், எஞ்சினைச் சுற்றிய பிறகு குறிகள் உடனே மறுபடி நேருக்கு நேர் வராது. பல சுற்றுக்குப் பிறகுதான் வரும். அதைப் பார்த்துப் பயந்து திரும்பக் கழற்ற வேண்டியதில்லை. முதலில் பூட்டும்போது நேராய் இருந்ததா என்பதுதான் கணக்கு.

இரண்டு. சிலிண்டர் ஹெட்டும் கழற்றப்பட்டிருந்தால் ஹெட் போல்ட்டுகளை மெனுவல் சொல்லும் வரிசையில், சொல்லும் அளவுக்கு டோர்க் ரெஞ்சால் இறுக்கி முடித்த பிறகுதான் வால்வ் இடைவெளி வைக்க வேண்டும். ஹெட் கீழே இறங்க இறங்க ரொக்கரும் புஷ் ரொட்டை நோக்கி இறங்கும், இடைவெளி குறையும். முதலில் இடைவெளி வைத்துவிட்டுப் பிறகு ஹெட்டை இறுக்கினால் வைத்த அளவு பொய்யாகிவிடும்.

மூன்று. புஷ் ரொட்டின் இரண்டு முனையிலும் சுத்தமான எஞ்சின் ஒயில் தடவி அதனதன் ஓட்டையில் இறக்குங்கள். அடி முனை டப்பட்டின் குழியிலே உட்கார வேண்டும். உட்கார்ந்ததா என்று எப்படித் தெரியும்? கொஞ்சம் மேலே தூக்கும்போது டப்பட்டின் ஒயிலில் ஒட்டி இழுப்பது போல இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் ஆட்டினால் அடி நகராது. ஆறும் ஏறக்குறைய எதிர்பார்த்த உயரத்தில் நிற்கின்றனவா என்று பக்கத்திலிருந்து பாருங்கள். ஒன்று மட்டும் காரணமில்லாமல் சரிந்து நின்றால் அது குழியிலே இல்லை.

நான்கு. ஆறு ரொக்கரின் அட்ஜஸ்ட் ஸ்குருவையும் லொக் நட்டைத் தளர்த்தி இரண்டு மூன்று சுற்று பின்னுக்கு எடுத்துவிடுங்கள். புஷ் ரொட் நழுவி விழாத அளவுக்குத்தான். இது மிக முக்கியம். டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே வரும்போது பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே கொஞ்ச இடம்தான் இருக்கும். ஸ்குரு கீழே நீட்டிக்கொண்டிருக்க ரொக்கரை இறுக்கினால் வால்வ் அளவுக்கு மீறித் திறந்து பிஸ்டனில் முட்டும்.

ஐந்து. ரொக்கர் ஷாப்டைக் குறி பார்த்து வைத்து, ஒவ்வொரு ஸ்குருவின் உருண்டை முனையும் அதன் புஷ் ரொட்டின் கிண்ணத்தில் உட்கார்ந்திருப்பதைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஒயில் குழாய் இணைப்பு இருந்தால் அதையும் இடத்தில் பொருத்துங்கள். பிறகு நட்டுகளைக் கையால் பிடிக்க வையுங்கள்.

ஆறு. இப்போது இறுக்குவது. நடுவிலிருந்து தொடங்கி வெளியே, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று. மறுபடி நடுவிலிருந்து. கேம் எந்த நிலையில் நின்றாலும் ஒன்றிரண்டு மேடு மேலே நோக்கித்தான் இருக்கும். அந்த வால்வுகளின் ஸ்பிரிங் ஷாப்டை அந்த இடத்தில் மட்டும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்தை ஒரேயடியாய் இறுக்கினால் ஷாப்ட் வளையும், அல்லது அதைத் தாங்கும் கால் வெடிக்கும். எல்லாம் சமமாய் இறங்கி உட்கார்ந்த பிறகு மெனுவல் சொல்லும் அளவுக்கு டோர்க் ரெஞ்ச் போட வேண்டும். "கைக் கணக்கு" என்பது முப்பது வருஷ பாஸுக்கே சில நாள் தப்பும்.

ஏழு. பெட்டரியைப் பூட்ட வேண்டாம். எஞ்சினைக் கையாலேயே ஓடும் திசையில் கிராங் ஷாப்ட் இரண்டு முழுச் சுற்று வரும்வரை சுற்றுங்கள். கொம்பிரஷன் வரும்போது கனக்கும், மெதுவாய்த் தள்ளினால் கடந்து போகும். அது சரி. ஆனால் இரும்பில் இரும்பு முட்டியது போல டக்கென்று நின்றால் ஒரு நூல் அளவும் மேலே தள்ளக் கூடாது. நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். புஷ் ரொட் குழியில் இல்லாமலிருக்கலாம். டைமிங் ஒரு பல் மாறியிருக்கலாம்.

கையால் சுற்றாமல் விட்டால்

எனக்குத் தெரிந்த ஒரு கராஜில் நடந்ததைச் சொல்கிறேன், இடம் பெயர் வேண்டாம். கேம் மாற்றிய ட்ரெக்டரிலே ரொக்கரைப் பூட்டியது பதினெட்டு வயதுப் பையன். கொழுந்துக்கு அவசரம் என்று பெரியவர் ஒருவர் வந்து நேரே ஸ்டார்ட்டரை அமுக்கிவிட்டார். ஒரு புஷ் ரொட் டப்பட்டின் குழிக்கு வெளியே நின்றிருக்கிறது. ஸ்டார்ட்டரின் பலத்தில் அது வில் மாதிரி வளைந்து, ரொக்கரும் வெடித்துவிட்டது. பையனுக்கு ஏச்சு. மூன்று நாள் கராஜ் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லி அவனுக்கு ஒருவரும் கற்றுக் கொடுக்கவில்லை என்பதை யாரும் பேசவில்லை. கையால் சுற்றியிருந்தால் இறுக்கம் தெரிந்திருக்கும், ஒரு சதமும் செலவில்லாமல் அந்த ரொட்டைத் தூக்கி வைத்திருக்கலாம்.

தம்பிமாரே, உங்களிடம் வேலையைக் கொடுத்தால் "கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். சுற்றவில்லை என்றால் "பொறுங்க பாஸ், இன்னும் சுற்றிப் பார்க்கல்ல" என்று அதையும் சொல்லுங்கள். மரியாதையாய்ச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பெரியவர்களும், பையன் அப்படிச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடைவெளி வைப்பது

ரொக்கருக்கும் வால்வ் முனைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி வேண்டும். எஞ்சின் சூடானால் இரும்பு நீளும். அந்த நீளத்துக்கு இடம் விடுவதுதான் இது. ஏ.டி.3.152 எஞ்சினுக்கு ஆறியிருக்கும்போது 12 தௌ, அதாவது 0.30 மில்லிமீட்டர். சூடாய் இருக்கும்போது 10 தௌ, அதாவது 0.25 மில்லிமீட்டர். ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு தௌ. வேறு எஞ்சினுக்கு வேறு கணக்கு, சிலவற்றில் காற்று வால்வுக்கும் புகை வால்வுக்கும் தனித்தனி அளவு. அந்தந்த மெனுவலைப் பார்த்தே வைக்க வேண்டும்.

எந்த வால்வ் காற்று, எந்த வால்வ் புகை? சைலன்சர் பக்கத்துக் குழாய் ஹெட்டிலே எந்த வாய்க்கு நேரே வருகிறதோ அது புகை வால்வ்.

இந்த எஞ்சின் தீப்பிடிக்கும் வரிசை 1, 2, 3. முதலாம் சிலிண்டரின் காற்று வால்வைப் பார்த்துக்கொண்டே எஞ்சினை ஓடும் திசையில் கையால் சுற்றுங்கள். அந்த ரொக்கர் கீழே போய்த் திறந்து, திரும்ப மேலே வந்து மூடும். மூடிய பிறகு இன்னும் அரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவாய்ச் சுற்றினால் பிஸ்டன் கொம்பிரஷனில் மேலே வந்து நிற்கும். இப்போது அந்தச் சிலிண்டரின் இரண்டு புஷ் ரொட்டும் விரலால் உருட்டினால் லேசாய் உருளும். உருளாவிட்டால் நிலை பிழை, திரும்பப் பாருங்கள்.

12 தௌ தகட்டை இடையில் விட்டு, ஸ்குருவைத் திருப்புங்கள். தகடு இழுக்கும்போது லேசாய்ப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், கிரீஸ் தடவிய காகிதத்துக்குள்ளிருந்து இழுப்பது போல. சும்மா வழுக்கி வந்தால் கூடிவிட்டது, வர மறுத்தால் குறைந்துவிட்டது. ஸ்குருவை அப்படியே பிடித்துக்கொண்டு லொக் நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மறுபடி தகடு விட்டுப் பாருங்கள், ஏனென்றால் நட்டை இறுக்கும்போது ஸ்குரு கொஞ்சம் கூடவே திரும்பிவிடும். அந்தச் சிலிண்டரின் இரண்டு வால்வும் முடிந்ததும் மூன்றில் இரண்டு பங்கு சுற்று சுற்றினால் இரண்டாம் சிலிண்டர் அதே நிலைக்கு வரும். இன்னொரு அவ்வளவு சுற்றினால் மூன்றாம் சிலிண்டர். ஒவ்வொன்றிலும் புஷ் ரொட்டை உருட்டிப் பார்த்தே தொடங்குங்கள்.

இடைவெளி கூடினால் டக் டக் என்று சத்தம் வரும், வால்வ் முழுசாய்த் திறக்காது, இழுவை குறையும். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. அதுதான் ஆபத்து. சூடானதும் வால்வ் முழுசாய் மூடாது. புகை வால்வ் தன் சூட்டை மூடி உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்கு இறக்கி ஆறுகிறது. உட்காராத வால்வ் ஆறாமல் எரிந்து ஓரம் உடையும். சத்தம் போடும் எஞ்சினை எல்லாரும் கவனிப்பார்கள். சத்தமில்லாமல் எரியும் வால்வை யாரும் கவனிக்க மாட்டார்கள். சந்தேகம் வந்தால் இறுக்கமாய் விட்டுவிட வேண்டாம்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்வது

கேம் பூட்டும்போது மேடுகளிலும் டப்பட் அடியிலும் கேமுக்கென்று வரும் பசை தடவியிருக்க வேண்டும். பாஸிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒயிலும் பில்டரும் புதிதாய்ப் போட்டு, டீசல் நிறுத்தும் கொக்கியை இழுத்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரை ஒரு தரத்துக்கு 10 செக்கனுக்கு மேல் போகாமல், இடைவிட்டு அமுக்குங்கள். வால்வ் மூடி திறந்தே இருக்கட்டும். ரொக்கர் ஷாப்டுக்கு ஒயில் வந்து நனைவது தெரிந்த பிறகு மூடியைப் பூட்டி எஞ்சினை ஓட விடுங்கள்.

கேமுக்கு ஒயில் பெரும்பாலும் கிராங் ஷாப்ட் சுற்றித் தெறிப்பதிலிருந்துதான் கிடைக்கிறது. மெதுவாய் ஓடினால் தெறிப்பதும் குறைவு. ஆகவே புதுக் கேம் போட்ட எஞ்சினை முதல் தடவை நீண்ட நேரம் ஐட்லிலே விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகக் கூடாது. சற்றுக் கூடிய வேகத்தில் சூடாகும் வரை ஓட்டி, ஒயில் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள். பிறகு நிறுத்தி, சூட்டோடு 10 தௌ இருக்கிறதா என்று பாருங்கள். சில நாள் வேலை செய்த பிறகு இன்னொரு தடவை பாருங்கள்.

ஓடும் எஞ்சின் பக்கத்தில் சாரம், தொங்கும் சட்டைக் கை, கழுத்துத் துண்டு எதுவும் வேண்டாம். பேன் பெல்ட் பிடித்தால் விடாது. எரிந்த ஒயிலைப் பீலியிலோ கானிலோ ஊற்ற வேண்டாம். அது கீழ்லயத்துப் பிள்ளைகள் குடிக்கும் தண்ணி. பீப்பாயிலே சேர்த்து வையுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

படித்ததைச் சோதித்துப் பாருங்கள்

கேள்வி 1: புதுக் கேம் போடும்போது பழையபடியே போடலாம் என்பவை எவை, மாற்ற வேண்டியது எது?
கேள்வி 2: ரொக்கரைப் பூட்டும் முன் ஸ்குருவை ஏன் பின்னுக்கு எடுக்கிறோம்?
கேள்வி 3: ஹெட் இறுக்குவது முதலா, இடைவெளி வைப்பது முதலா?
கேள்வி 4: சத்தமே இல்லாத எஞ்சினில் வால்வ் எரியுமா?
கேள்வி 5: ஸ்டார்ட்டரை அமுக்கும் முன் செய்ய வேண்டியது என்ன?

விடைகள்: (1) புஷ் ரொட், ரொக்கர், வால்வ் நல்ல நிலையில் இருந்தால் தன் தன் இடத்துக்கு. டப்பட் புதிது. (2) வால்வ் பிஸ்டனில் முட்டாமலிருக்க. (3) ஹெட் முதல். (4) எரியும், இடைவெளி குறைந்தால். (5) கையால் இரண்டு முழுச் சுற்று.

இப்படி வேலை பழகிய பிள்ளைகளிடம் ஒரு கடதாசியும் இருக்காது. "சேர்ட்டிபிகேட் இல்லை" என்று வெளியே வேலை கேட்டுப் போன இடத்தில் திருப்பி அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்தில் படிக்காமல் வேலைத்தலத்தில் பழகியவர்களையும் சோதித்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. நைட்டா என்று சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். போகும் முன் நீங்கள் செய்த வேலைகளை ஒரு கொப்பியில் திகதி, வாகனம், செய்த வேலை, வைத்த அளவு என்று எழுதி, பாஸிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். இன்றைக்குப் பூட்டிய ஆறு ரொக்கரையும் அந்தக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதலாம்.